மூன்று விரல் போகுதா?

வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து முடித்தவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "வாய் எவ்வளவு திறக்குது? மூணு விரல் போகுதா?" என்றுதான். சாப்பாடு இறங்குதா, எடை ஏறுச்சா, திரும்ப ஸ்கேன் எடுத்தாச்சா என்று மற்றவர்கள் கேட்டுவிடுவார்கள். வாய் திறப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மூன்று விரல் கணக்கை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி கையைத் திருப்பி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். அவரவர் விரல்தான் அவரவருக்கு அளவு. நல்ல நிலையில் இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 35-லிருந்து 55 மில்லிமீட்டர் வரை வாய் திறக்கும். 35-க்குக் கீழே போனால் அதை ட்ரிஸ்மஸ் என்கிறார்கள் டாக்டர்கள். வார்டில் நாங்கள் சொல்வது, வாய் இறுகிப்போச்சு.

எனக்கு 54 வயது. கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். துறைமுகத்துப் படகுகளின் ஷாஃப்ட் வேலை, கன்மெட்டல் புஷ் கடைவது, இவைதான் பெரும்பாலும் வரும். வீடு குண்டுஉப்பலவாடியில். 2023 கடைசியில் இடது பக்கம் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஆறாத ஒரு புண் இருந்து, சதை எடுத்து டெஸ்ட் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷன் செய்து அந்த இடத்தையும் அதை ஒட்டிய பற்களையும் எடுத்தார்கள். கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். வாய்க்குள் இருந்த குழியை மூட நெஞ்சுத் தசையில் ஒரு பகுதியைக் கழுத்து வழியாக மேலே கொண்டுவந்து தைத்தார்கள். அது ஆறிய பிறகு கரண்ட். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு).

அந்த ஆறு வாரத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் மாஸ்க்கை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். சிகிச்சை சில நிமிடத்தில் முடிந்துவிடும். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வந்ததுதான் பெரிய வேலை. ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டே போவேன். வாய் முழுக்கப் புண். எச்சில் வற்றிவிட்டது. கடைசி வாரங்களில் மூக்கு ட்யூப் வழியாகத்தான் கஞ்சி. அந்தப் புண் எல்லாம் கரண்ட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆறியது. ட்யூப்பையும் எடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் கண்டம் தாண்டிவிட்டது என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் வாய் மூட ஆரம்பித்தது.

இது வலியோடு வரவில்லை. அதுதான் இதில் மோசமானது. சாப்பாட்டு ஸ்பூன் பல்லில் இடித்தது, டீ ஸ்பூனுக்கு மாறினோம். அப்புறம் அதுவும் சரிப்படவில்லை என்று குழந்தைக்கு டானிக் கொடுக்கிற பிளாஸ்டிக் ஸ்பூன். ப்ரஷ் உள்ளே போகவில்லை என்று பேரனுடைய ப்ரஷ் மாதிரி ஒன்று வாங்கினோம். இட்லியை ரசத்தில் கரைத்துக் குடித்தேன். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே போனதால் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது என் மனைவி, "என்னங்க, இன்னும் கொஞ்சம் திறங்க" என்றாள். "இவ்வளவுதான்மா வருது" என்றேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தையலை எப்படித் துடைப்பது, எந்த மாத்திரை எப்போது, அடுத்து எப்போது வருவது, எல்லாம் இருக்கிறது. தாடையைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. என் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் மாதக்கணக்கில் இழந்ததில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வார்டில் என் பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களில் பலர் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூலி வேலைக்காரர்கள். அவர்கள் வாய் இப்போது எவ்வளவு திறக்கிறதோ.

கடைசியில் வேறொரு இடத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் கண்டுபிடித்தார். நான் பேசுவதைக் கேட்டதுமே, "ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை முன்பற்களுக்கு நடுவில் வைத்தார். "19 இருக்கு ஐயா."

மில்லிமீட்டர் என்று மற்றவர்களுக்குச் சொன்னால் வெறும் எண்ணாகத் தெரியலாம். எனக்கு 19 என்றால் முக்கால் இஞ்ச் ராடு. தினமும் கையில் பிடிக்கிற சாமான். என் வாய்க்குள் ஒரு முக்கால் இஞ்ச் ராடுதான் போகும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அந்தப் பெண் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். தாடையை மூடுகிற தசைகள் கன்னத்திலும், நெற்றிப்பொட்டிலும், தாடை எலும்பின் உள்பக்கத்திலும் இருக்கின்றன. என் கட்டி இருந்தது அந்த உள்பக்கத் தசைக்குப் பக்கத்தில். ஆபரேஷனில் வரும் தழும்பு ஒரு பக்கம் இழுக்கும். கரண்ட் பட்ட தசையில் மெல்ல மெல்ல நார் படியும். வெயிலில் கிடந்து விறைத்துப்போன சைக்கிள் ட்யூப் மாதிரி, தசை இருக்கும், நீளாது. கரண்ட் முடிந்ததோடு இது நிற்பதில்லை. முதல் ஒரு வருடம் வேகமாகவும், அதற்குப் பிறகு மெதுவாகவும் வருடக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். வலிக்கிறதே என்று வாயை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். "மாத்திரை போட்டு இதைச் சரிபண்ண முடியாது ஐயா. இழுத்து இழுத்துத்தான் கொண்டுவரணும்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை நான் செய்கிற விதத்தில் எழுதுகிறேன். உங்கள் ஆபரேஷன் வேறு மாதிரி இருக்கலாம், தாடை எலும்பை வெட்டியிருக்கலாம், பிளேட் வைத்திருக்கலாம். அதனால் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில் சூடு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொள்வேன். ஆபரேஷன் செய்த பக்கம் எனக்குப் பாதி மரத்துப்போயிருப்பதால் சூடு தெரியாது. துண்டை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் கன்னத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று, எதுவும் பிடிக்காமல் வாயை முடிந்தவரை திறந்து நிறுத்துவது. இடது, வலது, முன்பக்கம் என்று கீழ்த்தாடையை நகர்த்துவது. கண்ணாடி எதற்கென்றால், எனக்கு வாய் திறக்கும்போது தாடை இடது பக்கமாக ஓடும். அது நேராக இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும்.

அதற்குப் பிறகுதான் குச்சி. டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சி மெடிக்கல் ஷாப்பில் கட்டாகக் கிடைக்கிறது. எத்தனை குச்சி சிரமமில்லாமல் போகுமோ அத்தனையை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைத்து, தாடையைத் தளரவிட்டு, மூக்கால் மூச்சு விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்வது தெரியும். அப்போது இன்னொரு குச்சியை அடுக்கின் நடுவில் செருக வேண்டும். மேலேயோ கீழேயோ வைத்தால் பல்லிலும் ஈறிலும் உரசும். நடுவில் செருகினால் மரத்தோடு மரம்தான் உரசும். இழுவை தெரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வரக் கூடாது. அப்படியே அரை நிமிடம். எடுத்துவிட்டு ஓய்வு. மறுபடி. இப்படி ஒரு நாளில் பல வேளை.

கையால் அழுத்தித் திறக்கிற கருவிகளும் உண்டு. தெராபைட் என்பது அதில் பேர் பெற்றது. ஏழு முறை திறந்து, ஒவ்வொரு முறையும் ஏழு விநாடி நிறுத்தி, நாளுக்கு ஏழு வேளை என்று அதற்கு ஒரு கணக்கு. வெளிநாட்டுச் சாமான் என்பதால் விலை அதிகம். வாங்க முடிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். குச்சியே போதும் என்பது என் அனுபவம். எதை வைத்து இழுக்கிறோம் என்பதைவிட வேளை தவறாமல் இழுக்கிறோமா என்பதுதான் எனக்கு வித்தியாசம் காட்டியது.

வேகம் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒரே அழுத்தா அழுத்தித் திறந்துடுங்க, அப்புறம் சரியாயிடும்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். திடீரென்று அழுத்தினால் தசைக்குள் நுண்ணிய கிழிசல் வந்து, அது ஆறும்போது இன்னும் தழும்பாகி இறுகும். கொஞ்சமான இழுவை, அதிக நேரம். அவ்வளவுதான்.

பயிற்சியைவிட எனக்கு அதிகம் உதவியது அளந்ததுதான் என்று நினைக்கிறேன். குச்சியை எண்ணி அளவு பார்ப்பார்கள் நிறையப் பேர். நான் ஒரு குச்சிக் கட்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய் வெர்னியரில் (நுணுக்கமாக அளக்கிற கருவி) பிடித்துப் பார்த்தேன். ஒன்று 1.6 இருந்தது, இன்னொன்று 1.8. பத்துப் பன்னிரண்டு குச்சி அடுக்கினால் இந்த வித்தியாசமே 2 மில்லிமீட்டர் வந்துவிடும். கட்டு மாற்றினால் வாய் திறந்த மாதிரியும் தெரியும், மூடின மாதிரியும் தெரியும். அதனால் வாய்க்கென்றே ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் வாங்கினேன். எப்போதும் அதே இரண்டு பல், மேலே இடது முன்பல், கீழே அதற்கு நேர். காலையில் பல் தேய்த்ததும், பயிற்சிக்கு முன்னால். பயிற்சி முடிந்ததும் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அது நிற்காது. காலை அளவுதான் நிஜமான அளவு. பட்டறையில் வேலை எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவந்தேன். 19, 19, 20, 19. ஒரு மாதம் இப்படியே போனது. 20-க்குக் கீழே இறங்கவில்லை என்ற நாள் வந்ததும் நோட்டை எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். ஒரு மில்லிமீட்டர் ஏறியதற்கு அன்று கேசரி கிண்டினாள். அதையும் டானிக் ஸ்பூனில்தான் சாப்பிட்டேன்.

சிகிச்சையில் பழக்கமான பண்ருட்டிக்காரர் ஒருவர் மரத்திருகு வைத்திருந்தார். கூம்பு மாதிரி இருக்கும், மறை வெட்டியிருக்கும். பற்களுக்கு நடுவில் வைத்துத் திருகத் திருக வாய் விரியும். "அண்ணே, நீங்க லேத்துக்காரர்தானே, நைலான்ல ஒண்ணு கடைஞ்சுக்கங்க" என்றார். எனக்கும் கை துறுதுறுத்தது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். அவர் பல் டாக்டரிடம் அனுப்பினார். பல் டாக்டர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். திருகு கடைவாய்ப் பக்கம் உட்காரும், என் இடது பக்கத்தில் அங்கே பல்லே இல்லை, வலது பக்கம் மட்டும் முழு அழுத்தமும் போகும் என்பது அவர் சொன்ன காரணம். சரி என்று விட்டுவிட்டேன். பண்ருட்டிக்காரருக்கு அதே திருகு நன்றாக வேலை செய்தது. ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு வராது.

2024 நவம்பர் முடிகிற நேரத்தில் 27 வந்திருந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் ஊருக்குள் புகுந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் கொழுந்தியா வீட்டுக்குப் போனோம். மாத்திரைப் பை வந்தது. குச்சிக் கட்டும் வெர்னியரும் அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்து தண்ணீரோடு போயின. அங்கே ஒரே அறையில் இரண்டு குடும்பம். மின்சாரம் இல்லை, வெந்நீர் வைக்க வழியில்லை. வீட்டுச் சேறு வாரி முடித்து, புது வெர்னியர் வாங்கி அளந்தபோது 23. இரண்டு வாரம் விட்டதற்கு 4 மில்லிமீட்டர். அதைத் திரும்பப் பிடிக்க பொங்கல் தாண்டிவிட்டது. கரண்ட் முடிந்து எவ்வளவு நாளாகியும் அந்தத் தசை சும்மா இருக்கவில்லை என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இப்போது ஒரு கட்டு வீட்டில், ஒரு கட்டு பட்டறையில், ஒரு கட்டு மாத்திரைப் பையில்.

வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. எச்சில் வற்றியதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். வாய் திறக்காவிட்டால் ப்ரஷ்ஷும் போகாது, பல் டாக்டரின் கண்ணாடியும் போகாது. சொத்தை முற்றி, கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்கினால், சிலருக்கு அந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகும். அதனால் கரண்ட் வைத்தவர்கள் அதைச் சொல்லாமல் எந்த இடத்திலும் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. கட்டி திரும்பி வருகிறதா என்று டாக்டர் உள்ளே பார்ப்பதற்கும் வாய் திறக்க வேண்டும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக் குழாய் போடுவதற்கும் திறக்க வேண்டும். இன்னொன்று: நன்றாகப் பயிற்சி செய்துவரும்போதே அளவு திடீரென்று இறங்கினாலோ, புதிதாக வலி, வீக்கம், காதுக்குள் குத்தல் வந்தாலோ, பயிற்சியைக் கூட்டிப் பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். தொற்றாக இருக்கலாம், எலும்பு பாதிப்பாக இருக்கலாம், கட்டியே திரும்பி வந்திருக்கலாம். நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் இறங்கியதே தெரியும்.

இன்று காலை 31. 35-ஐ இன்னும் தொடவில்லை. டாக்டர் தொடும் என்றும் சொல்லவில்லை, தொடாது என்றும் சொல்லவில்லை. சாதாரண ஸ்பூனில் சாப்பிடுகிறேன். தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வலது பக்கமாக மென்று தின்கிறேன். சங்கரா மீன் குழம்பில் முள் எடுத்துக் கொடுத்தால் சாப்பிட முடிகிறது, காரம் மட்டும் இன்னும் ஆகவில்லை. லேத் ஓடும்போது பையனிடம் கத்திச் சொல்ல முடிகிறது. போன வருடம் அவன் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, "என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்பான். கொட்டாவி வந்தால் மட்டும் இன்னமும் கையால் தாடையைத் தாங்கிக்கொள்கிறேன், சுளுக்கென்று பிடிக்கிறது.

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தோ புதுவையிலிருந்தோ யாராவது இனிமேல்தான் கரண்ட் வைக்கப்போகிறீர்கள் என்றால், முகத்துக்கு மாஸ்க் செய்கிற நாளுக்கு முன்னாலேயே மூன்று வேலையை முடித்துவிடுங்கள். பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல் இருந்தால் எடுத்து, அது ஆறிய பிறகு கரண்டுக்குப் போங்கள். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். தாடைப் பயிற்சியை என்றைக்கு ஆரம்பிக்கலாம், யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நோயாளிக்குக் கேட்கிற தெம்பு இருக்காது, கூடப் போகிறவர்கள் கேளுங்கள். கரண்ட் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டவர்கள், இன்று இரவே மூன்று விரலை வைத்துப் பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.